பழைய நெல்லுக்கு ஒரு பட்டறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில், சென்னையில் நடந்த பாரம்பரிய அரிசிக் கண்காட்சி பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. வாழையிலையில் கருப்பும் சிவப்பும் வெள்ளையுமாக நெல்லைக் குவித்து, ஒவ்வொரு குவியலிலும் பெயர்ச்சீட்டு குத்தி வைத்திருந்தார்கள். என் மனைவி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். நான் செய்தியை இரண்டு தடவை படித்தேன். விதைக்கிறவர் பேசியிருக்கிறார், சமைக்கிறவர் பேசியிருக்கிறார், ஒரு டாக்டர்கூடப் பேசியிருக்கிறார். அந்த நெல்லை எங்கே கொண்டுபோய் அரைப்பது என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். வெட்டித்தான் போடுவீர்கள், தெரியும். மில் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என்னை விவசாயி என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன். 2017-இல் ஓய்வு. வீடு வில்லிவாக்கம். உத்திரமேரூர் பக்கத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் இருக்கிறது, ஏரிப் பாசனம். வாரத்தில் மூன்று நாள் சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். நட்டும் போல்ட்டும் தெரிந்தவன் நெல்லைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற வருடம் ஒரு விதைத் திருவிழாவில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பழைய நெல் ரகத்தின் விதை இரண்டு கிலோ வாங்கினேன். இரண்டு கிலோ வாங்குகிறவர் அடுத்த வருடம் நான்காகத் திருப்பித் தர வேண்டும். நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த வழக்கம் அது. 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்த அந்த மனிதர் 2018 டிசம்பரில் இதே சென்னையில்தான் இறந்துபோனார். வாங்கிய விதையைக் கொஞ்சம் இடத்தில் பெருக்கி, அடுத்த சம்பாப் பருவத்துக்கு ஒரு ஏக்கரில் போட்டேன். அப்பா ஐ.ஆர்.20 என்ற குட்டை நெல்லுக்கு என்ன செய்தாரோ அதையே செய்தேன். குத்துக்கு நாலைந்து நாற்று, நெருக்க நடவு, மேலுரமாக யூரியா இரண்டு மூட்டை. பயிர் என் தோளுக்கு மேல் வளர்ந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கதிர் வாங்கும் நேரத்தில் ஒரே ஒரு மழை. மொத்தமும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. "ஐ.சி.எஃப்.காரர் வயல்ல ரயில் ஓடியிருக்கு" என்று டீக்கடையில் சொன்னார்களாம். ஒரு ஏக்கரில் ஒன்பது மூட்டை கண்டேன்.

தப்பு நெல்லுடையது அல்ல. ஆளுயரம் வளர்கிற பழைய ரகங்கள் யூரியா பார்த்து வந்தவை இல்லை. தழைச்சத்தைக் கொட்டினால் தாள் நீளும், கதிர் கனக்கும், தண்டு தாங்காது. உரம் போட்டாலும் சாயாத குட்டைத் தாள் வேண்டும் என்றுதான் பிலிப்பைன்ஸில் 1966-இல் ஐ.ஆர்.8 கொண்டுவந்தார்கள். அப்பா அதை முதல் தடவை போட்ட வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்துப் பதினொரு வயது எனக்கு. ரேஷனில் கோதுமை வாங்கி, அதை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த காலம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே 1967 தேர்தலில் பெரிய பேச்சு. அப்படிப்பட்ட வீட்டில் நெல் சேமிக்கும் குதிர் நிறைந்தது. மிச்சத்தைத் தாழ்வாரத்தில் கொட்டி வைத்தோம். அதனால் மேடை ஏறிப் பசுமைப் புரட்சியை ஒரேயடியாகத் திட்டிவிட்டு இறங்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் வீட்டில் குதிர் காலியாக இருந்ததில்லை போலிருக்கிறது.

அப்புறம் நடந்ததையும் பார்த்தவன்தான் நான். ஒரு மூட்டை யூரியா கேட்ட நிலம் இரண்டு கேட்டது. வரப்பில் நண்டு வளை அருகிப்போனது. வாடன் சம்பா, பூங்கார் என்று பெயர்கள் மட்டும் பெரியவர்கள் வாயில் மிஞ்சின, விதை மிஞ்சவில்லை.

ஆனால் பழையதும் புதியதும் ஏதோ மாமியார் மருமகள் மாதிரி பேசுகிறார்களே, அது சரியில்லை. வில்லிவாக்கத்தில் அரக்கோணம் பக்கம் போகிற வண்டியில் ஏறினால் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் வரும். பக்கத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று பெயர் தொடங்கும் நெல்லெல்லாம் அங்கே பிறந்தவை. திரூர்க்குப்பத்தின் சுருக்கம் அது. அவற்றில் டி.கே.எம்.6 தண்டுத் துளைப்பான் பூச்சியைத் தாங்கும் ரகம். அதைப் பிலிப்பைன்ஸில் ஒரு பெற்றோராக வைத்துத்தான் ஐ.ஆர்.20-ஐ உண்டாக்கினார்கள். சரி, டி.கே.எம்.6-க்குப் பெற்றோர் யார்? ஒன்று கோ 18, இன்னொன்று 1921-இல் கோயம்புத்தூரில் வெளியிட்ட ஜி.இ.பி.24. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கிச்சிலிச் சம்பா என்று சொன்னது இந்த ஜி.இ.பி.24-ஐத்தான். அதாவது தாத்தா வயலில் நின்ற கிச்சிலியின் பேரப்பிள்ளைதான் அப்பா போட்ட ஐ.ஆர்.20. இது தெரிந்த அன்றைக்கு ரயிலில் வரும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. நாற்பது வருடம் அந்நிய நெல் என்று நினைத்துக்கொண்டிருந்தது நம் வீட்டுப் பிள்ளை.

சாய்ந்த வருடத்துக்கு அடுத்த வருடம் முறையை மாற்றினேன். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் விதையைப் போட்டு, மிதந்த பதரைக் களைந்தேன். நல்ல தண்ணீரில் அலசி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர் கலந்து ஊறவைத்தேன். நடவுக்கு முன் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதேன். யூரியா மூட்டையை வாங்கவே இல்லை. பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சதுரமாக நட்டோம். நடவுக்கு வந்த பெண்கள், "ஒத்தை நாத்தா? பொழைக்குமா சார்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பத்து நாள் வயலைப் பார்த்தால் வழுக்கைத் தலை மாதிரிதான் இருந்தது. அப்புறம் தூர் கட்டியது பாருங்கள், ஒரு குத்தில் நாற்பது எண்ணினேன்.

மடகாஸ்கரில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் உருவாக்கிய முறை என்று இதைச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒற்றை நாற்று நடவைப் பற்றி நம் சென்னை மாகாணத்திலேயே நூறு வருடத்துக்கு முன் எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். யார் முதல் என்ற வழக்கு எனக்கு வேண்டாம். எனக்குப் பிடித்தது இதன் கணக்கு. ஏக்கருக்கு 30 கிலோ விதை போன இடத்தில் இரண்டு மூன்று கிலோ போதும். அருகிப்போன ரகத்தின் விதை கைப்பிடி அளவே கிடைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி எது? இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு செடியும் தனித்தனியாக நிற்பதால் கலவன், அதாவது கலந்துவிட்ட வேற்று ரகச் செடி, எங்கே நிற்கிறது என்று வரப்பிலிருந்தே தெரிகிறது. நெருக்க நடவில் கலவன் எடுப்பது கூட்டத்தில் பிக்பாக்கெட்டைத் தேடுவது போல.

ஒற்றை நாற்றுக்குக் களை ஒரு சாபம். இடைவெளி அதிகம், வெயில் தரையில் விழும், களை குதித்துக்கொண்டு வரும். அதற்குத்தான் கோனோவீடர். முன்னால் ஒரு மிதவைத் தகடு, பின்னால் பல் வைத்த இரண்டு உருளை. தள்ளிக்கொண்டு போனால் களையை அமுக்கி மண்ணைப் புரட்டும். நான் வாங்கியது எங்கள் களிமண்ணில் பத்தடி போவதற்குள் சேறு அடைத்து நின்றது. பெண்கள் இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிட்டார்கள், கை வலி. பார்த்தேன். பல்லின் கோணம் தப்பு, புஷ் இரும்பில் இரும்பு உரசுகிறது, கைப்பிடி ஆணுயரத்துக்கு அடித்தது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் பேரிங் இரண்டு வாங்கி, நைலான் புஷ் கடைந்து போட்டு, ஒன்று விட்டு ஒரு பல்லை வெட்டி, கைப்பிடிக்கு மூன்று துளை போட்டு உயரம் மாற்றும்படி செய்தேன். மொத்தச் செலவு எண்ணூறு ரூபாய்க்குள். இப்போது அந்த வீடரை ஊரில் மாற்றி மாற்றி எடுத்துப் போகிறார்கள், நான் கேட்டால்தான் திரும்பி வருகிறது. மானியத்தில் வந்து பம்புசெட் அறைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் வீடர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கொடுத்தவர்கள் நம் மண்ணில் ஒருநாள் தள்ளிப் பார்த்திருந்தால் போதும்.

தண்ணீருக்கு ஒரு அடி நீளப் பி.வி.சி. குழாய். சுற்றிலும் துளை போட்டுப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து வைப்பது. உள்ளே தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால் மறுபடி பாய்ச்சு, இல்லையென்றால் சும்மா இரு. அவ்வளவுதான் விஷயம். உத்திரமேரூர் என்றாலே எல்லோரும் குடவோலை என்பார்கள். அதே பராந்தகச் சோழன் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று இருந்ததே, ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் தேர்ந்தெடுத்தார்களே, அதைச் சொல்கிறவர் குறைவு. மதகில் தண்ணீரை எண்ணித் திறந்த ஊர் எங்களுடையது. இன்று மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்குகிறோம்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலன்று நான் வில்லிவாக்கத்தில் மாட்டிக்கொண்டேன். தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. பயிர் பூத்து நிற்கிற நேரம். போய்ப் பார்க்கவும் முடியாது, போனும் இல்லை. எல்லாம் போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆறாம் நாள் போய்ப் பார்த்தால் ஓரத்தில் நாலைந்து வரிசை படுத்திருந்தது. நடு வயல் நின்றது. தண்டைக் கிள்ளிப் பார்த்தேன், சுண்டுவிரல் கனம். அந்த வருடம் பதினேழு மூட்டை. நல்ல வருடத்தில் பத்தொன்பது வரை பார்த்துவிட்டேன். பக்கத்து வயலில் பாப்பட்லா பொன்னி போடுகிறவர் முப்பது எடுக்கிறார், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. எனக்கு இந்த எட்டு வருடத்தில் பாடம் என்று ஒன்று கிடைத்திருந்தால் அது எலி வளையில்தான் கிடைத்தது.

முதல் இரண்டு வருடம் கடையில் விற்கும் எலிமருந்துக் கட்டியை வரப்பு நெடுக வைத்தேன். ஒருநாள் காலையில் கிணற்று மேட்டில் கூகை, ஆந்தை இனம், ஒன்று செத்துக் கிடந்தது. மருந்து தின்ற எலியைத் தின்றுதான் செத்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கட்டி வாங்கக் கை வரவில்லை. ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவர், மனைவியோடு வந்தார். வயலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எந்த வளையில் எலி இருக்கிறது, எது பழைய வளை, அதற்கு எத்தனை வாசல், எந்த வாசல் வழியாக வெளியே ஓடும் என்று மண்ணைப் பார்த்தே சொன்னார். இரண்டு வாசலை மண் உருண்டையால் அடைத்தார். மூன்றாவதில் புகை போட்டார். அன்றைக்குப் பிடித்தது பதினான்கு. ஒரு வளையைத் தோண்டியபோது உள்ளே கதிர் கதிராக அடுக்கியிருந்தது, நெல்லாக நாலு கிலோவுக்குக் குறையாது.

அந்தப் புகைதான் விஷயம். முன்பெல்லாம் மண்பானையில் வைக்கோலை அடைத்துக் கொளுத்தி, வாயை வளையின் வாசலில் வைத்து, பானையின் அடியில் உள்ள துளையில் தங்கள் வாயை வைத்து ஊதுவார்கள். உதடு சுடும், புகை நெஞ்சுக்குள் போகும். இவர் கொண்டுவந்தது எவர்சில்வர் டிரம். பக்கவாட்டில் கையால் சுற்றும் சின்ன விசிறி. சுற்றினால் புகை தானாக வளைக்குள் போகிறது. "வாயால ஊதுனா ராத்திரி பூரா இருமல் சார். இப்ப அது இல்ல" என்றார். ஏதோ தொண்டு நிறுவனத்தார் கொடுத்ததாம். வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். விசிறித் தண்டின் புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, மாற்றிக் கொடுத்தேன்.

ஆசிரியர் அவர்களே, பாரம்பரியத்தையும் நவீனத்தையும் இணைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது அந்த டிரம்மில் இருக்கிறது. வளையைப் படிக்கும் கண் அவருடையது. அதை எந்தக் கம்பெனியும் செய்து தர முடியாது. யாரோ ஒருவர் அவரிடம் உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார். வலித்த இடத்தில் மட்டும் ஒரு விசிறியை வைத்தார், மற்ற எதையும் தொடவில்லை.

2023-இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பாம்பு பிடிக்கும் திறமைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம். அதே இருளர்களை அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக வைத்திருந்து மீட்ட செய்திகளையும் படித்திருக்கிறோம். எங்கள் ஊரில் எலி பிடிப்பவருக்கு எலியும் வளை நெல்லும்தான் கூலி என்று இருந்தது. நான் வாலுக்கு முப்பது ரூபாய் தருகிறேன். கெடுத்து வைக்கிறேன் என்று ஊரில் முணுமுணுப்பு உண்டு.

இதற்கு நேர் எதிரான கதையும் இந்தச் சென்னையிலேயே நடந்திருக்கிறது. இன்றைய கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேர், சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய விவசாயப் பள்ளிதான். 1906-இல்தான் கோயம்புத்தூருக்குப் போனது. அந்தப் பள்ளிக்கும் முன்னால், 1860-களில், அங்கே ஒரு மாதிரிப் பண்ணை. இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் இயந்திரம் என்று கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் உழவன் சின்ன வரப்புக்குள் இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு நீராவிக் கலப்பையை என்ன செய்வான்? இயந்திரம் மோசம் என்று சொல்லவில்லை. என் சாப்பாடே இயந்திரத்தில் வந்தது. மண்ணைக் கேட்காமல் வந்த இயந்திரம் எக்சிபிஷன் சாமான், அவ்வளவுதான்.

இனி மில்.

நெல் கையில் வந்ததும் எங்கே கொடுப்பது? நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இரண்டே கணக்கு, சாதா ரகம், சன்ன ரகம். 2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. நூற்று அறுபது நாள் வயலில் நின்ற மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருப்புக் கவுனிக்கும் தனிக் கணக்கு கிடையாது. என் பத்தொன்பது மூட்டை, மூட்டை 75 கிலோ, கிட்டத்தட்ட 14 குவிண்டால். கொள்முதலில் போட்டால் 35,000 சொச்சம். பக்கத்து வயல்காரருக்கு முப்பது மூட்டைக்கு 57,000. இதைப் பார்த்துவிட்டு எவன் பழைய நெல் போடுவான்? ஆனால் அதே பத்தொன்பது மூட்டையை உமி மட்டும் நீக்கி அரிசியாக்கினால் எப்படியும் 900 கிலோ தேறும். கிலோ 90 ரூபாய்க்கு நானே வில்லிவாக்கத்தில் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன், அண்ணா நகர்க் கடையில் அதே அரிசி இரு மடங்கு. 90 என்றே வைத்தாலும் 81,000. நெல்லாக விற்றால் நஷ்டம், அரிசியாக விற்றால் லாபம். நடுவில் இருப்பது ஒரு மில்.

முதல் வருடம் அந்த ஒன்பது மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய மில்லுக்குப் போனேன். ஐம்பது மூட்டைக்குக் குறைந்து ஓட்ட மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய இயந்திரத்தில் ஒன்பது மூட்டை போட்டால் பாதி, நெல் ஏற்றும் எலிவேட்டரிலேயே தங்கிவிடும், அடுத்தவர் வெள்ளை அரிசியில் என் சிவப்பு அரிசி கலந்துவிடும். சின்ன மில் ஒன்றுக்குப் போனேன். பழைய இரும்பு ஹல்லர். உமி உரிப்பதும் தீட்டுவதும் அதற்கு ஒன்றுதான். மாப்பிள்ளைச் சம்பாவைப் போட்டால் சிவப்புத் தோல் தவிட்டோடு போய், அரிசி பாதி நொய்யாக வந்தது. தோலுக்காகத்தானே அந்த நெல்லையே போட்டது! இரண்டு மாதம் எங்கள் வீட்டில் புட்டும் கஞ்சியும்தான்.

வேண்டியது ரப்பர் ரோல் ஷெல்லர். இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராக, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்றும். நடுவில் நெல் தடிமனைவிடக் குறைந்த சந்து. அந்த வேக வித்தியாசத்தில் உமி மட்டும் உரிந்து வரும், தோல் அப்படியே நிற்கும். ரகத்துக்கு ரகம் இந்தச் சந்தின் அளவை மாற்ற வேண்டும். சீரகச் சம்பாவுக்கு வைத்த சந்தில் மாப்பிள்ளைச் சம்பாவைப் போட்டால் ஒடியும். இதைப் பொறுமையாகச் செட் பண்ண ஆள் வேண்டும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காக மீட்டர் ஒன்று வாங்கினேன். களத்தில் நெல் காயவைக்கும் அக்கா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வெயில் வேணும் தம்பி" என்றார். மீட்டரில் 15.6 காட்டியது. மறுநாள் சாயந்திரம் மறுபடி கடித்தார், "அள்ளிக்க" என்றார். மீட்டரில் 14.1. அப்புறம் மீட்டரை மழைக்காலத்துக்கு மட்டும்தான் எடுக்கிறேன். மழையில் அக்காவே, "பல்லு ஏமாத்தும், உன் மிசினப் பாரு" என்கிறார்.

மூன்றாவது வருடம் அதிர்ஷ்டம் அடித்தது. வேறொரு மில்லின் பின்கொட்டகையில் சின்ன ரப்பர் ரோல் ஷெல்லர் ஒன்று உமிக்குள் புதைந்து கிடப்பதைப் பார்த்தேன். ரோலர் தேய்ந்து, பேரிங் போய், பத்து வருடமாக ஓடவில்லையாம். நான் சரிசெய்து தருகிறேன், வாரத்தில் ஒருநாள் சின்ன அளவு நெல்லுக்கு விடுங்கள் என்று கேட்டேன். மில்காரர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சரி என்றார். புதுப்பேட்டைக்கு நாலு தடவை அலைந்தேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அது ஓடுகிறது. மதுராந்தகம் பக்கத்திலிருந்தெல்லாம் ஐந்து மூட்டை, ஆறு மூட்டை என்று கொண்டுவருகிறார்கள். தூயமல்லி வருகிறது, கருங்குறுவை வருகிறது. போன தையில் ஒரு அம்மா டி.வி.எஸ். 50-இல் ஒரே ஒரு மூட்டை பூங்கார் கட்டிக்கொண்டு வந்தார். பேத்தி பூப்புக்கு வேண்டுமாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு மில்லிலும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவன் வந்து குப்பையைக் கிளறுவான் என்று எதிர்பார்க்க முடியாது. நந்தனத்தில் தலைமையகம் வைத்திருக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறதே, அதுபோலச் சின்ன ஷெல்லரும் கல் பொறுக்கும் சல்லடையும் ஒரு காயவைக்கும் களமும் வட்டத்துக்கு ஒன்று கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கட்டும். ஒரு மூட்டை என்றாலும் அரைத்துக் கொடுக்கட்டும். 2021-இல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட ஆரம்பித்ததிலிருந்து நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்புக்குத் திட்டம் இருக்கிறது, விதை கொடுக்கிறார்கள். விதை முன்பு இல்லை, இப்போது கிடைக்கிறது. வயலுக்குப் பிறகு என்ன என்பதற்குத்தான் ஆள் இல்லை.

அறுவடையும் அப்படித்தான். ஐந்தடி ஆறடித் தாளை நம் அறுவடை வண்டி விழுங்கத் தெரியாமல் திணறுகிறது. போதாக்குறைக்கு, முன்னால் அறுத்த வயலின் நெல் வண்டிக்குள் மிச்சமிருந்து என் விதையில் கலக்கிறது. கையறுப்புக்கு ஆள் இல்லை. நூறு நாள் வேலையைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் ஒரு ஃபேஷன். விடியற்காலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் கார் பூட்டுகிறவர்கள். அவர்களில் நாலு பேருக்கு உயரத் தாளுக்கு ஏற்ற சின்ன அறுவடைக் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

தாளையே கொஞ்சம் குட்டையாக்கினால் என்ன என்று கேட்டால் பாரம்பரியக்காரர்கள் கோபப்படுகிறார்கள். கருப்புக் கவுனியை வைத்துக் கோ 57 என்ற கருப்பரிசி ரகத்தைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. அது கவுனியே அல்ல என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் ஒருவர் சத்தம் போட்டார். சரி, அல்லதான். அதைத் தனியாக ஒரு வயலில் போடுங்கள், பழைய கவுனியையும் விதைக்காகக் காப்பாற்றுங்கள். கிச்சிலியின் பேரனுக்கு ஐம்பது வருடம் வயலில் இடம் கொடுத்தவர்கள்தானே நாம்?

சென்னை வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கவுனி சாப்பிட்டால் சர்க்கரை ஓடிவிடும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். எட்டு வருடமாக என் வயல் அரிசியைத்தான் சாப்பிடுகிறேன், காலையில் மாத்திரையையும் விழுங்குகிறேன். ருசிக்காக வாங்குங்கள். மாப்பிள்ளைச் சம்பாவை ராத்திரியே ஊறவைத்து விடுங்கள், இல்லையென்றால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் அது அசையாது. பளபளவென்று வெள்ளையாக இருக்கும் ‘மாப்பிள்ளைச் சம்பா’வை அதிக விலை கொடுத்து வாங்கி ஏமாறாதீர்கள். தீட்டின பிறகு எந்த மாப்பிள்ளை என்று யாருக்குத் தெரியும்?

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அந்த மில்காரர் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார். எந்த மில் என்று கண்டுபிடித்து நாலு பேர் பெரிய லாரியோடு போய் நின்றால் அவர் செவ்வாய்க்கிழமையையும் நிறுத்திவிடுவார். வருகிற தையில் பதினெட்டு மூட்டையோடு நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும். ரோலர் வேறு மறுபடி தேய்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஐ.சி.எஃப். ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
வில்லிவாக்கம், சென்னை - 600 049.